ஊசி வழியே செலுத்தப்படும் மக்கும் பாலிமர்கள்: தோலைச் சீரமைக்க எது எங்கே பொருந்தும்?

ஊசி வழியாகத் தோலுக்குள் சென்று, தன் வேலையை முடித்துவிட்டு உடலுக்குள்ளேயே சிதைந்து மறையும் பாலிமர்கள், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், இன்று இரு வேறு தேவைகளுக்காகப் பேசப்படுகின்றன. முகப்பரு விட்டுச்சென்ற குழிவடுக்களையும் கொழுப்பு கரைந்து ஒட்டிப்போன கன்னங்களையும் நிரப்புவது ஒன்று. ஆறாமல் திறந்து கிடக்கும் புண்ணில் புதுத் தோல் வளரச் சாரம் கட்டித் தருவது மற்றொன்று. இரண்டிலும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மாதம் நிற்கும்?" என்பதே. அந்த எண்ணை வைத்து மட்டும் இவற்றை ஒப்பிடுவது பிழை என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாலிமர் எவ்வாறு சிதைகிறது, சிதைந்த இடத்தில் எதை விட்டுச்செல்கிறது, தவறு நேர்ந்தால் அதை விலக்க வழி உண்டா என்பவையே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1981-இல் ஒப்புதல் பெற்ற, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை மாட்டிலிருந்து எடுத்துச் செய்த ஊசியிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கியதால், முன்கூட்டியே தோல் சோதனை செய்ய வேண்டியிருந்தது. சில மாதங்களில் உடலின் நொதிகள் அதை அரித்தும் விட்டன. அந்த இடத்தைப் பிடித்தது ஹயலுரோனிக் அமிலம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலுள்ள பளிங்குக் கூழிலிருந்து பிரித்தெடுத்த இந்தச் சர்க்கரைச் சங்கிலியின் அமைப்பு எல்லா விலங்குகளிலும் ஒன்றே என்பதால், உடல் இதனை அயலாகக் கருதுவது அரிது. மனித உடலில் உள்ள ஹயலுரோனிக் அமிலத்தில் பாதியளவு தோலில்தான் இருக்கிறது. ஆனால் இயல்பான நிலையில் அது தோலில் ஓரிரு நாட்களுக்கு மேல் தங்காது. எனவே சங்கிலிகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். 2003-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ரெஸ்டிலேன் என்ற நிரப்பி இவ்வகைப்பட்டதே. பிணைப்பின் அளவையும் செலுத்தும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் அது நிற்கும்.

இதன் மிகப் பெரிய பலம், இதைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் என்ற நொதி மருத்துவரின் கையில் இருப்பதே. ஊசி தவறி ஒரு தமனிக்குள் சென்றுவிட்டால் தோல் அழுகக்கூடும், கண்ணுக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பார்வையே போகக்கூடும். தோலில் ஏற்படும் அடைப்பை உடனே கண்டறிந்து இந்த நொதியைச் செலுத்தினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். போன பார்வையை மீட்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. இதற்கு இணையான மாற்றுமருந்து வேறு எந்த நிரப்பிப் பாலிமருக்கும் இல்லை என்பதை ஊசி போட்டுக்கொள்ள வருபவர் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

பாலி-எல்-லாக்டிக் அமிலம் முற்றிலும் வேறு வழியில் இயங்குகிறது. ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, எச்.ஐ.வி. நோயாளிகளின் முகத்தில் ஏற்படும் கொழுப்பு இழப்பைச் சரிசெய்வதே அதன் நோக்கமாக இருந்தது. பொடியாக வரும் அதன் துகள்கள் ஏறத்தாழ 40 முதல் 63 மைக்ரான் வரை பருமன் கொண்டவை. உடலுக்குள் வரும் அயற்பொருளை விழுங்கி அகற்றும் பெருவிழுங்கிச் செல்களால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரியவை, நுண்ணூசியின் வழியே நுழையும் அளவுக்குச் சிறியவை. நீரில் கலந்து செலுத்தியதும் தெரியும் நிறைவு வெறும் நீரால் வந்தது. சில நாட்களில் அது வற்றிவிட, பலரும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது. துகள்களைப் பெருவிழுங்கிகள் சூழ்கின்றன, அவை அழைத்துவரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜனை நெய்கின்றன. துகளோ நீராற்பகுப்பால், அதாவது நீரால் உடைந்து, லாக்டிக் அமிலமாகி, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகிறது. ஈராண்டுகள் வரையிலோ அதற்கு மேலுமோ முகத்தில் நிற்கும் பருமன் பெரும்பாலும் அவரவர் உடல் நெய்த கொலாஜனே.

விளம்பரங்கள் "கொலாஜன் தூண்டல்" என்று இதமாகக் குறிப்பிடுவது, உண்மையில் அளவோடு நிறுத்தப்பட்ட ஓர் அயற்பொருள் எதிர்வினை. அளவு மீறினால் கட்டிகள் தோன்றும். தொடக்க காலத்தில் பொடியைக் குறைந்த நீரில் கலந்து, தோலின் மேலடுக்கிலேயே செலுத்தியதால் இவை அதிகம் வந்தன. கூடுதல் நீர், நீண்ட ஊறல் நேரம், ஆழமான செலுத்தல் ஆகியவற்றால் பின்னர் குறைந்தன. ஆகவே பரந்து விரிந்த பருமன் இழப்புக்கு இதையே நான் முன்வைப்பேன்; உதட்டுக்கும் கண்ணைச் சுற்றிய மெல்லிய தோலுக்கும் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது நிரப்பிப் பாலிமரான பாலிகேப்ரோலாக்டோன் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வழவழப்பான நுண்கோளங்கள் ஒரு செல்லுலோஸ் ஜெல்லில் மிதப்பதால் உடனடி நிறைவும் கிடைக்கிறது, பின்னர் கொலாஜனும் வளர்கிறது. சங்கிலியின் நீளத்தை மாற்றி ஓராண்டு முதல் நான்காண்டு வரை ஆயுளைத் திட்டமிடலாம் என்பது வேதியியலின் அழகுதான். ஆனால் நான்காண்டு நிற்கும் பொருளைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் அந்தத் தவறும் அத்தனை காலம் நிற்கும். முதன்முறை ஊசி போட்டுக்கொள்பவருக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

திறந்த புண்ணுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. இங்கே செல்கள் உள்ளே நுழைய இடம் வேண்டும். இரத்தம் உறையும் முறையையே பின்பற்றும் ஃபைப்ரின் என்ற புரதம், தீக்காயத்தில் தோல் ஒட்டுகளைப் பிடித்து நிறுத்த 2008 முதல் அமெரிக்காவில் ஒப்புதலுடன் பயன்படுகிறது. செல்களுக்கு மிக இணக்கமானது, ஆனால் வலுவற்றது, ஓரிரு வாரங்களில் கரைந்துவிடும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இரத்தப்போக்கை நிறுத்துகிறது, கிருமிகளையும் ஓரளவு தடுக்கிறது. பீட்டா-கிளிசரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்தால் குளிர்நிலையில் திரவமாக இருந்து உடல் வெப்பத்தில் ஜெல்லாக உறைகிறது. ஆனால் மூலப்பொருளைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியின் தன்மையும் மாறுவது இதன் தீராத குறை.

இந்த வகை ஜெல்கள் பெரும்பாலானவற்றில் வலைக்கண்கள் செல்லைவிட மிகச் சிறியவை. ஜெல் சிதைந்தால்தான் செல் நுழைய முடியும்; விரைவாகச் சிதைந்தால் சாரம் சரிந்துவிடும், மெதுவாகச் சிதைந்தால் சாரமே சுவராகிவிடும். 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டட்டியானா செகுரா, டீனோ டி கார்லோ ஆகியோரின் குழு இந்தச் சிக்கலை அவிழ்த்த முறை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அவர்கள் ஜெல்லை நுண்மணிகளாக்கி, புண்ணுக்குள் செலுத்திய பிறகு ஒரு நொதியால் மணிகளை ஒட்டவைத்தார்கள். கொட்டிய ஜல்லிக் கற்களுக்கு நடுவே இருப்பதுபோல் மணிகளுக்கு இடையே தொடர்ந்த இடைவெளிகள் இருப்பதால், எதுவும் சிதைவதற்கு முன்பே செல்கள் உள்ளே நடக்கின்றன. பின்னர் மணிகளின் ஜெல் சங்கிலிகளைப் பிணைக்கும் பெப்டைடில், அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலியில், சில அமினோ அமிலங்களை அவற்றின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களாக மாற்றியபோது, சிதைவு தாமதமாகும் என்று எதிர்பார்த்தார்கள். எலியின் தோலிலோ நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு சிதைவை விரைவுபடுத்தியது, தழும்பாக வேண்டிய இடத்தில் மயிர்க்கால்களும் முளைத்தன. எலியின் புண் பெரும்பாலும் சுருங்கி மூடுவது, மனிதப் புண்ணில் புதுத் திசு வளர்ந்து நிரம்ப வேண்டும். ஆதலால் இதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது.

நீரிழிவால் காலில் வரும் ஆறாப் புண்களில் இந்த வேறுபாடுகள் இன்னும் கூர்மையாகின்றன. அங்கே புரதத்தை அறுக்கும் நொதிகள் மிகுந்திருப்பதால், கொலாஜனும் ஃபைப்ரினும் ஆய்வகத்தில் காட்டிய ஆயுளைக் காட்டாமல் முன்னதாகவே கரைகின்றன. கைட்டோசானை உடைப்பது முதன்மையாக லைசோசைம் என்ற வேறொரு நொதி. லாக்டிக் அமிலப் பாலிமர்களையோ நீரே உடைக்கிறது. எனவே அத்தகைய புண்ணுக்கு ஒரு ஜெல்லைப் பரிந்துரைப்பவர், நலமான தோலில் அது எத்தனை நாள் நின்றது என்பதைக் காட்டிலும், நாள்பட்ட புண்ணின் கசிவுநீரில் எத்தனை நாள் நின்றது என்ற தரவையே முதலில் முன்வைக்க வேண்டும்.