ஒரு மணி நேர ஜிம்மா, பத்துப் பத்து நிமிட நடையா?

சொந்தத் தொழில் நடத்துகிறவர் உடம்பைக் கவனிக்க முடிவெடுத்தால் பெரும்பாலும் ஜிம்மில்தான் போய்ச் சேருவார். காலை ஆறு மணிக்கு, தினம் ஒரு மணி நேரம். வேலைக்கு நடுவிலேயே பத்துப் பத்து நிமிடமாக நடப்பது இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஜிம் மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. நாலாவது வாரம் காலை ஐந்தரைக்கு, சரக்கு வண்டி வழியில் நின்றுவிட்டதென்று டிரைவர் போன் செய்தார். அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் கணக்கு முடிக்கவே இரவு ஒரு மணி, அன்றும் போகவில்லை. ஷூ பை இரண்டு மாதம் காரின் பின்சீட்டில் கிடந்தது. இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கடிகாரத்தை நம்பி வைத்த பழக்கம், வேலை அவசரம் வந்ததும் முதலில் அடிபடும்.

அதனால் நடையைச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன். மதியம் கை கழுவியதும் நேராக வாசல், அங்கிருந்து பத்து நிமிடம். சாப்பாடு மூன்றரை மணிக்குத் தள்ளிப்போனால் நடையும் கூடவே தள்ளிப்போகும், விட்டுப்போகாது. உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறுவதும் குறையும்.

பத்து நிமிடமெல்லாம் கணக்கில் வருமா? வரும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனை இப்போது இல்லை. தினம் மூன்று தடவை, வாரம் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். ஆனால் வேகம் வேண்டும்: பேச முடியணும், பாட முடியக்கூடாது. போன் பேசிக்கொண்டே உலாத்துவது உட்கார்ந்தே கிடப்பதைக் குறைக்கும். இந்த 150-இல் அதை நான் சேர்ப்பதில்லை.

பழக்கம் படிய எத்தனை நாள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வொன்றில் 96 பேர், காலை உணவுக்குப் பிறகு என்பது போல ஏதாவதொரு தினசரி வேளையோடு புதுப் பழக்கத்தை இணைத்து 12 வாரம் முயன்றார்கள். அந்தப் பதிவுகளை வைத்து, பழக்கம் முழுதாகப் படிய எத்தனை நாள் ஆகும் என்று கணித்தார்கள்: ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடுவாக 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஜிம்மை விட்ட அந்த வாரத்தில் இது தெரிந்திருந்தால் மூன்றாம் நாள் திரும்பப் போயிருப்பேன்.

சரி, ஜிம் எதில் ஜெயிக்கிறது? தசையில். வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நடை அதைத் தராது. குந்தி எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் வீட்டிலேயே செய்யலாம். எடையைப் படிப்படியாகக் கூட்டவும், தப்பாகத் தூக்கினால் திருத்த ஆள் இருக்கவும் ஜிம்தான் சரி. அதனால் நடை தினமும், ஜிம் வாரம் இரண்டு நாள். எந்த இரண்டு நாள் என்பதை அந்தந்த வாரத்து வேலையைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.