பயோவில் எதை வைப்பது: வாட்ஸ்அப் லிங்க்கா, மெயில் படிவமா?

எங்கள் மதினி மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறார். இன்ஸ்டாகிராம் பயோவில் (பக்கத்தின் மேலே வரும் அறிமுகப் பகுதி) 5 லிங்க் வரை வைக்கலாம் என்றாலும் பளிச்சென்று தெரிவது முதல் லிங்க்தான், அதனால் அங்கே எதை வைப்பது என்று ஒரே யோசனை.

வாட்ஸ்அப் என்றால் உடனே பேச்சு, உடனே பணம். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் நம் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் போய்ச் சேரும், யார் செய்கிறார்கள்? வாடிக்கையாளர்கள் மெயில் ஐடியைப் பதிந்துவிட்டுப் போகும் படிவம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, நாளைக்கே இன்ஸ்டா கணக்கு முடங்கினாலும் பட்டியல் நம் கையில் இருக்கும். படிவத்தில் பெயர், மெயில் ஐடி போதும், பிறந்தநாளெல்லாம் கேட்டால் ஓடிவிடுவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப் சரி. சென்னை, சிங்கப்பூர் ஆட்களுக்காக மெயில் படிவத்தை மேலே வைக்கச் சொன்னேன். "சித்திரைத் திருவிழா முடியட்டும் தம்பி" என்றுவிட்டார்.