300 எம்பி சிங்களப் படங்களுக்காக நான் இழந்தது 40,000 ரூபாய்

அப்பா மாத்தளையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே சிங்களப் படங்களில் ஊறியவர். இப்போது நடமாட முடியாமல் வத்தளையில் எங்களோடு இருக்கிறார். அவருக்காகத்தான் பழைய படங்களைத் தேடினேன். செய்திச் செயலி ஒன்றில் இயங்கிய குழு கண்ணில் பட்டது. ஒவ்வொரு படமும் 300 எம்பிதான், 1,500 ரூபாய் கட்டினால் முழுத் தொகுப்பும் கிடைக்கும் என்றார்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பில் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துக் கட்டினேன்.

பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் கோப்புகளைப் பகிரும் முறையான டொரண்டில் இறங்கிய முதல் நான்கு படங்களையும் பார்க்கவே முடியவில்லை. இரண்டரை மணி நேரப் படத்தை அவ்வளவு சிறிய கோப்பில் திணித்தால் இரவுக் காட்சிகள் கட்டங்கட்டமாக உடைகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழல் எது, முகம் எது என்று தெரியவில்லை. ஒரு படம் திரையரங்கில் கைப்பேசியால் எடுத்தது. குறுக்கே ஆட்கள் நடக்கிறார்கள். பத்து நிமிடத்தில் அப்பா, "போதும் பிள்ளை, நிறுத்திவிடு" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது.

முறையிட்டபோது, தெளிவான பிரதிக்குத் தங்கள் பிளேயரை நிறுவச் சொல்லி ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்றை அனுப்பினார்கள். அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். படம் ஓட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? தயவுசெய்து இந்தக் கேள்வியை நீங்களாவது கேளுங்கள். அன்றிரவே வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்களான ஓடிபி எண்கள் அவர்கள் கைக்குப் போய், இரண்டு தவணையில் 38,500 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பொலிஸுக்குப் போனால் நீங்களும் மாட்டுவீர்கள்" என்று பதில் வந்தது. மூன்று நாள் வாயடைத்துக் கிடந்தேன். கள்ளப் பிரதி வாங்கியவன் புகார் கொடுக்கத் தயங்குவான் என்பதை அறிந்தே இவர்கள் ஆட்களைப் பிடிக்கிறார்கள்.

பிறகு சட்டத்தரணியான மைத்துனியிடம் சொன்னேன். அவர் மழுப்பவில்லை. டொரண்டில் படம் இறங்கும்போதே நம் கருவியிலிருந்து மற்றவர்களுக்கும் அது போய்க்கொண்டிருக்கும்; ஆகவே நாமும் பகிர்ந்தவர்களாகிறோம். கோப்பின் அளவைச் சுருக்கினால் பதிப்புரிமை போய்விடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறையும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டால் அது இரட்டிப்பாகலாம். காசு வாங்காமல் பகிர்ந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

"அதற்குப் பயந்து திருட்டை மறைக்காதீர்கள்" என்றும் அவரே சொன்னார். அட்டையை முடக்கினேன், உரையாடல்களையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 எண்ணுக்கும் அறிவித்தேன். பணம் இன்னும் வரவில்லை.

உரிமையாளர்களே யூடியூபில் ஏற்றிய சில பழைய படங்களை அப்பா இப்போது பார்க்கிறார். அந்தக் குழு பெயரை மாற்றிக்கொண்டு, அதே 1,500 ரூபாய்க்கு இன்றும் ஆள் சேர்க்கிறது.