கேட்5இ, கேட்6, கேட்8: ஆடியோவுக்கு எதை வாங்குறது?

நெட்வொர்க் கேபிள்ல கேட்5இ, கேட்6னு தரம் இருக்கே, அதுல பெரிய நம்பர் கேட்8 போட்டா சவுண்டு இன்னும் கிளியரா வருமான்னு கேக்குறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. வராதுங்க. நம்பரை விடுங்க, எதையும் எதையும் சேக்கப்போறீங்கன்னு முதல்ல பாருங்க, ஏன்னா மேடைக்கு கட்டாயமா வேணும்கிற ஷீல்டு, அதாவது கம்பிகளை சுத்தியிருக்கிற மெட்டல் உறை, வீட்டுல போய் தொல்லை கொடுக்கும்.

வீட்டு கதை சின்னது. நெட்ல இருந்து பாட்டு எடுத்து ஓட்டுற ஸ்ட்ரீமர் பெட்டிக்கு 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஓட்டினாலே நொடிக்கு 9.2 மெகாபிட்தான், சாதா கேட்5இ 100 மீட்டருக்கு 1000 மெகாபிட் தாங்கும், அப்புறம் கேட்6-க்கே அவசியமில்ல, விலை வித்தியாசம் கம்மியா இருந்தா எடுத்துக்கலாம் அவ்ளோதான். ஷீல்டு இல்லாததா எடுங்க. ஈதர்நெட் போர்ட்டுக்குள்ள குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, ரெண்டு பெட்டியோட கிரவுண்டும் ஒட்டாம அது பிரிச்சு வச்சிருக்கும், நீங்க மெட்டல் பிளக் வச்ச ஷீல்டு கேபிளை சொருகி ரெண்டு கிரவுண்டையும் சேத்துவிட்டா வேண்டாத கரன்ட் சுத்தி வர்ற கிரவுண்ட் லூப் ஆகி ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஹம் வர வாய்ப்பு இருக்கு. கேட்8 டேட்டா சென்டருக்குன்னு வந்தது, 30 மீட்டருக்குள்ள 40 கிகாபிட், விறைப்பா வேற இருக்கும், டிவி ஸ்டாண்டு பின்னாடி வளைக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். நடுவுல இருக்கிற கேட்7-ஐ, கேபிள் தரம் வகுக்கிற அமெரிக்காவோட டிஐஏ அமைப்பு ஏத்துக்கவே இல்ல.

மேடையில கதையே வேற. எக்ஸ்32 மிக்ஸருக்கும் மேடையில மைக் சொருகுற எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸுக்கும் நடுவுல ஓடுற ஏஇஎஸ்50ங்கிற டிஜிட்டல் ஆடியோ இணைப்பு பாக்கத்தான் நெட்வொர்க் கேபிள், சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் வழியா போகாது, கேபிளுக்குள்ள இருக்கிற நாலு ஜோடி கம்பியில ரெண்டு ஆடியோவுக்கு, ரெண்டு நேரம் ஒத்துப்போக வைக்கிற கிளாக்குக்கு. கார்பெட்ல நடந்து வந்து ஒருத்தர் ரேக்கை தொட்டா ஸ்டாட்டிக் அடிச்சு நொடி நேரம் சவுண்டு கட் ஆகும், அதனால இங்க ஷீல்டு போட்ட கேட்5இ, ரெண்டு முனையிலயும் மெட்டல் ஓடு போட்ட ஈதர்கான் பிளக், ஷீல்டு அந்த மெட்டல் ஓட்டோட ஒட்டியிருக்கணும். ஷீல்டு கேபிள் வாங்கிட்டு பிளாஸ்டிக் பிளக் கிரிம்ப் பண்றவங்களை என்ன சொல்ல!

நெட்வொர்க் வழியா ஆடியோ அனுப்புற டான்டேன்னா நிஜ ஈதர்நெட், ஸ்விட்ச் போடலாம், கிகாபிட் லிங்க்ல போக 512 வர 512 சேனல் வரை, கேட்5இ-யே தாங்கும். டிக் டிக்னு சத்தம் வந்தா கேபிளை மாத்துறதுக்கு முன்னாடி ஸ்விட்ச்ல மின்சாரம் மிச்சப்படுத்துற ஈஈஈ செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாத்து ஆஃப் பண்ணுங்க, பாதி பஞ்சாயத்து அங்கதான்.

எது வாங்கினாலும் சிசிஏ வேண்டாம், அலுமினியத்து மேல காப்பர் பூசினது. பண்டல் வெயிட்டு இல்லாம இருந்தாலே சந்தேகப்படுங்க, ஒரு கம்பியை பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அப்படியே கடைக்காரர்கிட்ட திருப்பி கொடுத்துடுங்க, நாலு தடவை சுத்தி எடுத்தா உள்ளயே ஒடிஞ்சிடும். சுவத்துக்குள்ள ஒரேயடியா போடுறதுக்கு ஒத்தை கம்பி சாலிட், தினம் ரீல்ல சுத்துற மேடை கேபிளுக்கு பல இழை ஸ்ட்ராண்டட். ஸ்ட்ராண்டட்ல சிக்னல் இழப்பு கொஞ்சம் ஜாஸ்தி, 100 மீட்டர் வரைக்கும் இழுக்காதீங்க.