மட்டக்களப்பு டூ கொழும்பு, சின்னப் புள்ளயோட: காரா, வேனா, பஸ்ஸா, கோச்சியா?

ஒண்டரை, ரெண்டு வயசுப் புள்ளயோட கொழும்புக்குப் போகணும் எண்டு ஆரிட்டக் கேட்டாலும் முதல் வாற பதில், "ராவைக்கு வெளிக்கிடுங்க மகள், புள்ள படுத்திரும், விடியக் கொழும்புல நிக்கலாம்" எண்டதுதான். புள்ள படுக்கும், அது சரி. ஆனா றைவருக்கும் நித்திரை வருமே, அத ஆரும் கணக்குல எடுக்கிறல்ல. 300 கிலோமீற்றருக்கு மேல ஓட்டம், அதுல மின்னேரியா, ஹபறணைப் பக்கம் ராவையில ஆனை ரோட்டுக்கு வாற இடம், லைட் வெளிச்சத்துல கறுப்பா நிக்கிற ஆனைய கிட்டப் போற வரைக்கும் தெரியாது. அதால காரோ வேனோ எதுவெண்டாலும் ராப்பயணத்துக்கு நான் வாக்குப் போட மாட்டன். விடிய நாலரை, அஞ்சு மணிக்கு நித்திரைப் புள்ளயத் தூக்கி சீற்றுல வெச்சிட்டு வெளிக்கிட்டா பொலன்னறுவை வரைக்கும் அது தன்ட பாட்டுல படுக்கும், ஆனை இருக்கிற துண்டுக்குள்ள போகக்குள்ள நல்லா வெளிச்சிரும், றைவரும் ராவு படுத்தெழும்பின ஆள்.

இனி காரா வேனா எண்டு பாத்தா, கூட ஆக்கள் வாறதெண்டா வேன் வசதிதான். அம்மம்மா, சித்தி, மச்சாள் எல்லாரும் ஏறலாம், புள்ளய மாறி மாறி வெச்சிருக்கலாம், பம்பஸ் மாத்த ஒரு நீட்டு சீற் கிடைக்கும். ஆனா இந்த மாறி மாறி வெச்சிருக்கிறதுதான் எனக்குப் பயம். "மடியிலதானே, கெட்டியாப் புடிச்சிருக்கன்" எண்டு சொல்றதெல்லாம் பிறேக் அடிக்காத வரைக்கும்தான். 60ல போற வாகனம் சடாரெண்டு எதுலயும் அடிபட்டு நிண்டா பத்துப் பன்னெண்டு கிலோப் புள்ளய எந்தத் தாய்ட கையாலயும் புடிச்சு நிப்பாட்ட ஏலாது, புள்ள முன்னுக்குப் போகும், தாயும் பெல்ட் போடாட்டி புள்ளக்கு மேல தாய் போய் விழுவா. புள்ளக்கெண்டு தனி சீற் வேணும், அத பின் சீற்றுலதான் பூட்டணும், பின்பக்கம் பாத்த மாதிரிப் பூட்டுறத எயார்பேக் இருக்கிற முன் சீற்றுல வைக்கவே கூடாது.

இதுலதான் கார் முந்துது. இப்ப ஓடுற ஜப்பான் கார் கனக்கத்துல பின் சீற்றுக்குள்ள ஐசோஃபிக்ஸ் கொளுக்கி இருக்கு, சீற் இடுக்குக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாத்தா இரும்பு வளையம் ரெண்டு தட்டுப்படும், அதுல புள்ள சீற் டக்கெண்டு கொழுவிரும். வாடகைக்கு வாற வேன்ல பெல்ட்டே சீற் கவருக்கு அடியில போயிருக்கும், இல்லாட்டி இல்லவே இல்ல. வேன்தான் எண்டு முடிவெடுத்தா வாடகை பேசக்குள்ளயே "அண்ணன், பின்னுக்கு பெல்ட் வேலை செய்யுதா" எண்டு கேட்டு, முதல் நாள் பின்னேரமே போய் சீற்றப் பூட்டிப் பாத்துடுங்க.

நைட் பஸ்ஸப் பத்தி கனக்கக் கதைக்க ஒண்டுமில்ல. காசு குறைவு, அவ்வளவுதான். ஏசி குளிரும், புள்ள மடியில, பம்பஸ் மாத்த இடமில்ல, சத்தி எடுத்தாலும் பஸ் நிக்கிற இடத்துலதான் நிக்கும். தனிய ஒரு தாய் சின்னப் புள்ளயோட நைட் பஸ்ஸுல போறத நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன்.

அப்பிடித் தனியப் போறவங்களுக்கு கோச்சிதான். அதுவும் பகல் கோச்சி. நேரம் கூடத்தான் எடுக்கும், கல்லோயா, மாகோ எண்டு சந்திகள்ல நிண்டு நிண்டுதான் போகும், ஆனா நடக்கப் பழகின புள்ளக்கு கட்டிப் போட்டு வெச்ச மாதிரி இல்லாம எழும்பி நிக்க, நாலடி நடக்க, ஜன்னலால மாடு, மயில், குளம் பாக்க ஏலும், நித்திரை வந்தா சில தாய்மார் சீலைய மேல சாமான் வைக்கிற தட்டுல கட்டி ஏணை போட்டுருவாங்க. ஆனை ஆபத்து கோச்சிக்கும் இருக்கு, 2025 பெப்ரவரியில மீனகயா எண்ட மட்டக்களப்புக் கோச்சி கல்லோயாப் பக்கம் ஆனைக்கூட்டத்துல மோதி ஆறு ஆனை செத்து, பெட்டியும் தடம் புரண்டது, நல்லகாலம் பயணிகளுக்கு ஒண்டும் ஆகல்ல.

கோச்சியில கவனிக்கிறதுக்கு வேற சாமான் இருக்கு. கதவு திறந்தபடிதான் ஓடும், அதால வாசல் பக்கத்து சீற் எடுக்காதீங்க. ஜன்னல் ஷட்டர் மேல ஏத்தினா பூட்டு சரியா விழுந்திருக்கா எண்டு ஒருக்கா அமத்திப் பாருங்க, குலுக்கத்துல சறுக்கி வந்தா சின்ன விரல் நசிஞ்சிரும். கக்கூசுல தண்ணி முடிஞ்சிரும், போத்தல்ல தனியா கொண்டு போங்க, பாலுக்கு சுடுதண்ணி ஃபிளாஸ்க்குல. மறுகா, கச்சான்காரன் வருவான், பக்கத்து சீற் அக்காவும் பாசத்துல ரெண்டு கச்சான் புள்ளட கையில குடுப்பா, அத மட்டும் வேணாம் எண்டு நேராச் சொல்லுங்க, இந்த வயசுல கச்சான் தொண்டையில அடைக்கிற சாமான். இடியப்பமும் வாழைப்பழமும் போதும்.

ரோட்டால போறவங்களுக்கு எந்தப் பாதை எண்டது அடுத்த கேள்வி. செங்கலடியால திரும்பி கரடியனாறு, மகாஓயா, மகியங்கனை, கண்டி எண்டு போற பாதை வடிவான பாதை, மகாஓயாவுல சுடுதண்ணிக் கிணறும் இருக்கு. ஆனா மகியங்கனை தாண்டி 18 வளைவு வருது. ரெண்டு வயசுக்குக் கீழ புள்ளைகளுக்கு வாகனத்துல தலைச்சுத்து குறைவு, ரெண்டு தாண்டினாத்தான் சத்தி தொடங்கும், அப்பிடிப்பட்ட புள்ளக்கு பால் குடுத்த கையோட அந்த வளைவுல ஏத்தினா சீற், சட்டை, தாய்ட சீலை எல்லாம் கழுவ வேண்டி வரும். கல்முனை, பொத்துவில், இரத்தினபுரியால போற ஏ4 ரோட்டு 430 கிலோமீற்றர், மட்டக்களப்பு ஆக்களுக்குத் தேவையில்லாத சுத்து. பொத்துவில், அக்கரைப்பற்று ஆக்களெண்டா வேற கதை, வெல்லவாய வரைக்கும் வந்து 2020ல மத்தளைக்கு நீட்டின தெற்கு ஹைவேயில ஏறிரலாம்.

மத்தாக்களுக்கு பொலன்னறுவை, ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் பாதைதான் நல்லம், பெரும்பாலும் நேர் ரோட்டு, கடையும் கிடைக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறக்கி ஓட விடுங்க, முதல் நிப்பாட்டுக்கு பராக்கிரம சமுத்திரக் கட்டு நல்ல இடம், காத்து வரும், கையப் புடிச்சுக்கொண்டு நடக்கலாம். குருநாகல்ல இருந்து மீரிகம வரைக்கும் 2022ல திறந்த ஹைவே இருக்கு, ஏற முதல் பம்பஸப் பாத்துடுங்க, அதுக்குள்ள நினைச்ச இடத்துல நிப்பாட்ட ஏலாது. மாரி காலத்துல மனம்பிட்டிப் பக்கம் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயும், வெளிக்கிட முதல் ஆரும் அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு கோல் அடிச்சிக் கேளுங்க.

வரக்குள்ளயும் இதே கணக்குத்தான். கொழும்புல பகல் சாப்பாட்டச் சாப்பிட்டுட்டு ஆறுதலா வெளிக்கிட்டா ஹபறணைக்கு வர இருட்டிரும், ஆனை நேரம். ஒண்டில் விடியவே வெளிக்கிடணும், இல்லாட்டி தம்புள்ளையில ஒரு ராவு தங்கிட்டு அடுத்த நாள் வெளிச்சத்துல வரணும்.