கரண்ட் வந்தாலும் எழும்பாத பில்டர்: நாலு வருட அனுபவம்

இரண்டு கிழமைக்கு முன் பக்கத்து வளவுத் தம்பி வந்து மீன் தொட்டிக்கு முன்னால் நின்றான். "அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இதே பில்டரையே நானும் வாங்கட்டா?" என்று கேட்டான். அந்த நேரம் அதே பில்டரைக் கழற்றி மேசையில் பரப்பி, அதன் வீலின் உடைந்த அச்சைக் குறட்டால் இழுத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடத்தில் இது மூன்றாவது அச்சு. அவனுக்கு உடனே ஒரு பதில் சொல்ல முடியவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், நூறு லீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். விளிம்பில் தொங்கவிடும் வகைப் பில்டர், 6 வாட், மணிக்கு 500 லீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. 2021 இல் 3,200 ரூபாவுக்கு வாங்கினேன். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் ஐந்து யூனிட்டைத் தாண்டாது.

வளர்ப்பது தங்கமீன். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது குடலுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும், தொட்டி எப்போதும் அழுக்குத்தான். அந்த அழுக்கை இந்தப் பெட்டி இழுக்கும் விதத்துக்கு ஈடு நான் பார்க்கவில்லை. தூசி ஸ்பொஞ்சில் நின்றுவிடும். அதில் குடியிருக்கும் பக்டீரியா மீன் விடும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். தண்ணீர் திரும்ப அருவிபோல விழுவதால் காற்றும் கலக்கும். சத்தம் இல்லை. பின்னேரம் விளக்கைப் போட்டால் அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் இருந்துவிடுவார். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை ஒன்றே ஒன்று. கரண்ட் போய் வந்தால் இது எழும்பாது.

இதன் மோட்டர் தொட்டிக்கு வெளியே, விளிம்புக்கு மேலே பெட்டிக்குள் இருக்கிறது. தண்ணீரைக் குழாயால் மேலே இழுக்க வேண்டுமென்றால் சுழலும் வீலைச் சுற்றி எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். கரண்ட் போனதும் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தால் பரவாயில்லை, கரண்ட் வந்ததும் ஒருமாதிரி இழுத்துக்கொள்ளும். இரண்டு விரல் குறைந்திருந்தால் வீல் வெறுங்காற்றில் சுற்றும். சூட்டைத் தணிப்பதும் அச்சு தேயாமல் காப்பதும் தண்ணீர்தான். அது இல்லாமல் சுற்றினால் அச்சு எத்தனை நாள் தாங்கும்?

நாங்கள் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலத்தில். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தொட்டித் தண்ணீர் வற்றுவது கண்ணுக்கே தெரியும். வற்றும்போது நீர்தான் போகிறது, உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே நிற்கின்றன. குறைந்ததை நிரப்பக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற, இன்னும் கொஞ்சம் சேரும். அது பெட்டி விளிம்பிலும் வீலின் அச்சிலும் வெள்ளையாய்ப் படிந்து வீலை இறுக்கிவிடும். மாதம் ஒருமுறை வினாகிரியில் ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதை இரண்டாவது அச்சு உடைந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் என் தொட்டியில் ஒரு மீனும் சாகவில்லை. எப்போது போகும் எப்போது வரும் என்று நேரம் அறிவித்தார்கள், வீட்டில் எல்லோரும் இருந்தோம், மகள் முறை வைத்துக் குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மீன் செத்தது 2023 ஆவணியில், சொல்லாமல் வந்த ஒரு மணி நேர வெட்டில்.

கல்முனையில் ஒரு கல்யாண வீட்டில் நின்றோம். அம்மா தனியே வீட்டில். போன் வந்தது. "மனே, கரண்ட் வந்திட்டு. உன்ட பெட்டி தேங்காய் திருவுற மாதிரிச் சத்தம் போடுது. வயரைப் பிடுங்கட்டா?" பிடுங்கச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? நாங்கள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. தொட்டியின் வெப்பமானி 31 பாகை காட்டியது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் லீட்டருக்கு 9 மில்லிகிராம் என்றால் 30 இல் ஏழரைதான். மூன்று மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா கை நோகும்வரை செம்பால் அள்ளி ஊற்றியிருக்கிறார். காலையில் மூத்த மீன் மிதந்தது. ஐந்து வயது. மகள் இரண்டு நாள் தொட்டிப் பக்கமே போகவில்லை.

தண்ணீர் இரண்டு விரல் குறைந்து கிடக்கத்தான் அன்று புறப்பட்டோம். அது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போகாத நாடு ஏது? மோட்டரைத் தண்ணீருக்குள் வைத்துச் செய்த தொங்கும் பில்டர்களும் இருக்கின்றன, அவை தாமாக எழும்பும். இதையும் அப்படிச் செய்திருக்கலாம். விற்ற கடையில் கேட்டால் "வீல் தனியாக வராது, புதுசு எடுங்க" என்றார்கள். புதுசு இப்போது 7,500. கொழும்பிலிருந்து 900 ரூபாவுக்கு வீலும் அச்சும் எடுப்பித்தேன், வர ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளும் தொட்டியைக் காத்தது ஏர் பம்பின் காற்றால் ஓடும் ஒரு சாதாரண ஸ்பொஞ்ச் பில்டர். மூத்த மீன் போன பிறகு பற்றரியிலும் ஓடும் ஏர் பம்ப் ஒன்றோடு சேர்த்து வாங்கி வைத்தது. கரண்ட் போனால் பற்றரிக்கு மாறும், வந்தால் திரும்பும், யாரும் தொடத் தேவையில்லை. ஒருவழி வால்வு ஒன்றைக் குழாயில் போட மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே அதற்குள் இறங்கிவிடும். மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தண்ணீரில் தூசி பறந்தது, இரவில் பம்ப் இரைந்தது. நாலாம் நாள் அம்மா கதிரையை விறாந்தைக்கே கொண்டுபோய்விட்டார்.

இப்போது தொட்டிக் கண்ணாடியில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் அதற்குக் கீழே என்றால் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது. வெட்டு நீண்டுவிட்டால் கரண்ட் வந்ததும் உடனே போடுவதில்லை. பெட்டிக்குள் தேங்கிய ஊத்தைத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பெட்டியை நிரப்பிய பிறகுதான் சுவிச்சைப் போடுவேன். பைப் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும்.

தம்பி கிழமை நாட்களில் வாழைச்சேனையில் வேலை, வீடு பூட்டிக் கிடக்கும். அவனுக்கு இது வேண்டவே வேண்டாம். ஸ்பொஞ்ச் பில்டரும் பற்றரி பம்பும் வாங்கட்டும், மிச்சக் காசுக்குத் தொட்டிக்கு ஒரு மூடி எடுக்கட்டும், வற்றுவது பாதியாவது குறையும். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முந்தநாள் புது அச்சைப் பூட்டினேன். அடுத்த நாள் பின்னேரம் தண்ணீர் தெளிந்துவிட்டது, அம்மாவின் கதிரையும் உள்ளே வந்துவிட்டது. இது முழுதாக எரிந்துபோனால் என்ன வாங்குவீங்கள் என்று மனிசி கேட்டாள். இதையேதான் என்றேன்.