ஓடும் அலையும் நிற்கும் அலையும்

கயிற்றின் ஒரு நுனியை உதறினால் மேடு ஒன்று மறுமுனைக்கு ஓடும். இது முன்னேறு அலை. கயிறு இடம்பெயர்வதில்லை, ஆற்றல்தான் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நிலை அலைதான் எனக்குப் பிடித்தது. மறுமுனையைக் கட்டிவிட்டு, பொருத்தமான அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு இத்தனை முறை என்ற கணக்கில், ஆட்டிப் பாருங்கள். போகும் அலையும் எதிரொளித்துத் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று விழ, மேடுகள் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். சில புள்ளிகள் மட்டும் அசையவே அசையாது. அவை கணுக்கள். அடுத்தடுத்த இரு கணுக்களுக்கு இடையே சரியாக அரை அலைநீளம் (ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம்தான் அலைநீளம்). நடுவிலுள்ள எதிர்க்கணுவில்தான் ஆட்டம் அதிகம். முன்னேறு அலையிலோ, ஆற்றல் இழப்பு இல்லாவிட்டால், எல்லாத் துகளுக்கும் ஒரே வீச்சு, அதாவது ஒரே அளவு ஆட்டம்.

கிட்டார் தந்தியில் உருவாவது நிலை அலை. அப்புறம் அதன் ஒலி காதுக்கு வருவது? அது முன்னேறு அலையாகத்தான்.